சாந்தாமணி தலையாட்டினாள்

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். தாராபுரமுங்களா? நானும் அங்கதானுங்க. காங்கயம் வரைக்கும் இப்படித்தான் நெருக்கியடிச்சுட்டு வரும், அப்பறம் பஸ்ஸு காலியாயிரும்.

என்ற காலைப் பாக்கறீங்களா? பயப்படாதீங்க, வலிப்பெல்லாம் இல்ல. பழக்கமுங்க. முப்பத்தொம்பது வருசமா டிரைவிங் ஸ்கூலு. ஈரோட்டுல அண்ணமார் டிரைவிங் ஸ்கூலு நாச்சிமுத்துன்னா தெரியாதவங்க இல்ல. கத்துக்கறவங்க ஓட்டுவாங்க, பக்கத்து சீட்டுல எனக்குன்னு தனியா ஒரு பிரேக்கு, ஒரு கிளட்சு. அதனால எந்த வண்டியில உக்காந்தாலும் காலு தானா தரையை அமுத்தும். இவன் ஓட்டறதைப் பாருங்க, வளைவுக்குள்ள வந்து கியரை மாத்தறான். அமுத்தாம என்ன பண்றது?

கார் இல்லாமயா? மூணு காரு நிக்குதுங்க ஊட்டு வாசல்ல. மூணுலயும் சுத்தி என்ற பேரு, போன் நம்பரு, மேல செவப்புல எல்லு போர்டு. அதைக் கொண்டுபோயி மச்சினிச்சி ஊட்டு முன்னால நிறுத்துனா தெருவே எந்திரிச்சு வந்து பாக்கும், நாச்சிமுத்து சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறாருன்னு. போன ரெண்டு தடவையும் பஸ்ஸுலதான் போனேன். இது மூணாவது.

அவ போயி நாப்பத்தோரு நாளாச்சுங்க. மண்டலம் போட்டாப்பல.

நீங்க வெளியாளு. உங்ககிட்டச் சொல்றேன், கேட்டுட்டு ஞாயத்தைச் சொல்லுங்க. ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க அத்தனை பேரும் அவ பக்கம். பெத்த மக கூட போன்ல "அப்பா, நீங்க பண்ணுனது தப்புப்பா"ங்கறா. என்ன தப்பு பண்ணிட்டேன் நானு? குடிச்சுட்டு அடிச்சனா? இன்னொருத்தி ஊட்டுக்குப் போனனா? ஒரு போட்டோவைக் கிழிச்சேன். அவ்வளவுதானுங்க.

மக தாரணி டெக்ஸாஸ்ல இருக்கறா. எனக்கு அறுபது முடிஞ்சுதுன்னு அவதான் தென் அமெரிக்காவுக்குப் பதினாலு நாளு டூருக்கு ஏற்பாடு பண்ணுனா. கோயமுத்தூர்ல இருந்து இருபத்திரெண்டு பேரு. எனக்கு அதெல்லாம் ஆசையில்லீங்க, பழனி போயிட்டு வந்தாப் போதும். ஆனா மக ஆசைப்படறா. சாந்தாமணிகிட்ட, "பொட்டியைக் கட்டு, பொறப்படறோம்"னேன். தலையாட்டுனா.

அதுதானுங்க அவ குணம். கல்யாணமாயி முப்பத்திநாலு வருசத்துல நான் எதுக்கும் அவளைக் கேட்டதே கெடையாது. கேட்டு எதுக்கு அவளுக்கு ஒரு ரோசனையைக் குடுக்கறது? ஊடு கட்டறேன்னு சொல்லுவேன், தலையாட்டுவா. மகளுக்கு மாப்பிள்ளை முடிவாயிருச்சும்பேன், தலையாட்டுவா. நம்ம தலையாட்டறது உங்களுக்குத் தெரியுமில்ல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா. அது சரிங்கறதா வேண்டாங்கறதான்னு வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாது. எனக்குப் புரியுமுங்க. சரிங்கறதுதான். வேற என்னவா இருக்கும்?

அர்ஜென்டினாவுல பியூனஸ் அயர்ஸுன்னு ஊரு. அங்க போன ரெண்டாம் நாளு டாங்கோ டின்னர் ஷோன்னு டூர்லயே போட்டிருந்தான். சோத்தைத் தின்னுட்டே ஆட்டம் பாக்கறது. நம்மளைக் கூட்டிட்டுப் போன டூர் மேனேஜரு ரெபேக்கான்னு ஒரு புள்ள, நெம்ப வெவரம். மைக்கைப் புடிச்சுட்டு, போற வழியில பஸ்ஸுக்குள்ள அந்த ஊருப் பழக்கத்தையெல்லாம் சொல்லிட்டு வந்துச்சு. நான் முன் சீட்டுல உக்காந்து டிரைவர் ஓட்டறதைப் பாத்துட்டு இருந்தேன். எல்லாமே வலது பக்கமா ஓட்டறானுங்க, காலு அமுத்தி அமுத்தி எனக்குத் தொடையே புடிச்சுக்கிச்சு. அதனால அரைகுறையாத்தான் கேட்டேன்.

அந்த ஊர்ல ஆட்டத்துக்கு யாரும் வாயால கூப்பிட மாட்டாங்களாமா. ஆம்பளை தூரத்துல நின்னுக்கிட்டே பொம்பளை கண்ணைப் பாப்பானாமா. பாத்து லேசாத் தலையை அசைப்பானாமா. வர்றீங்களான்னு கேக்கறதாமா அது. அவளுக்கு இஷ்டம்னா திருப்பித் தலையை அசைக்கோணும். இஷ்டமில்லைன்னா மூஞ்சியை அக்கட்டால திருப்பிக்கோணும். திருப்பிக்கிட்டாள்னா அத்தோட முடிஞ்சுது, அவன் மறுபடியும் கேக்கக் கூடாது. கேட்டா அதுதான் மரியாதை கெட்டதனம். நான் சிரிச்சேன். இதென்னடா, கண்ணாலயே பொண்ணு பாக்கற கதையாட்ட இருக்குதேன்னு. சாந்தாமணி பக்கத்துல உக்காந்து சன்னல் வழியா வெளிய பாத்துட்டு வந்தா. அவளுக்கு இதெல்லாம் காதுலயே உழுந்திருக்காது.

நல்ல பெரிய ஹாலுங்க. செவப்புத் திரை, மேசைக்கு மேசை சின்ன வெளக்கு. ஆர்மோனியப் பெட்டியாட்ட ஒண்ணை மடியில போட்டு இழுக்கறான் ஒருத்தன், எழவு ஊட்டுல ஒப்பாரி வெக்கறாப்பல ஒரு சத்தம். தட்டைக் கொண்டாந்து வெச்சாங்க. தலகாணி அளவுக்குக் கறி. நாங்க ஆடு கோழி திங்கறவங்கதான். ஆனா அது மாடு. எனக்கு அந்த வெசனமே இல்ல, ஏன்னா ராத்திரி எனக்குத் தயிர்ச்சோறு இல்லாம ஆகாதுன்னு சாந்தாமணிக்குத் தெரியும். சாயந்தரம் நாலு மணிக்கே ஓட்டல் ரூமுல குட்டிக் குக்கர்ல சோத்தைப் பொங்கி, தயிரை ஊத்திப் பெசஞ்சு, எவர்சில்வர் டப்பாவுல போட்டுக் கொண்டாந்துட்டா. மத்தவங்கெல்லாம் அன்னிக்கு ஊரைச் சுத்திப் பாக்கப் போயிருந்தாங்க. இவ ரூமுலயே இருந்தா. அவளுக்கு ஊரு சுத்தறதுல பெருசா ஆசையில்லீங்க.

வெயிட்டரு வந்து டப்பாவைப் பாத்து மொறைக்கறான். மேசைக்குக் கீழ வெச்சு ஸ்பூன்ல போட்டுக் குடுத்துட்டு இருந்தா. ஊறுகா பாக்கெட்டைக் கையில எடுத்தா. அதை எனக்குப் பிரிக்க வராதுங்க, அவதான் பல்லுல கடிச்சுப் பிரிச்சுக் குடுப்பா.

அந்த நேரம் பாத்துத்தான் மேடையில ஆடிட்டு இருந்தவங்க கீழ எறங்கி வந்தாங்க. கடைசியில பாக்க வந்தவங்களையும் கூப்பிட்டு ரெண்டு அடி ஆட வெக்கறது வழக்கமாமா. அதுல ஒருத்தன், இளந்தாரியா இருந்தாக்கூட வெளையாட்டுன்னு உட்டுடலாமுங்க. என்ற வயசு. தலை பூராவும் வெள்ளை. கருப்புக் கோட்டு, இடுப்பு விறைப்பா, வயிறே இல்ல. மொதல்ல எங்க குரூப்புல, எங்க மேசையிலயே எதுக்க இருந்த கோபி டாக்டரு சம்சாரத்தைப் பாத்துத் தலையை அசைச்சான். அந்தம்மா வெக்கப்பட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அவன் லேசாக் குனிஞ்சு கும்பிடு போட்டாப்பல பண்ணிட்டு, அந்தப் பக்கமே பாக்கல. அப்பறம் எங்க ரெண்டு பேரு பக்கம் திரும்புனான்.

திரும்பிச் சாந்தாமணியைப் பாத்தான். அம்பத்தாறு வயசுப் பொம்பளை, பட்டுச் சேலையில, கையில ஊறுகா பாக்கெட்டோட உக்காந்திருக்கறா. அவளைப் பாக்கறான். எவ்வளவு நேரங்கறீங்க? ஒரு மூச்சு இழுத்து உடற நேரம். அப்பறம் தலையை அசைச்சான்.

இவ தலையாட்டுனா.

எல்லாத்துக்கும் தலையாட்டியே பழக்கமில்லீங்களா, அதே மாதிரி ஆட்டிட்டா, அவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். இதைத்தான் நான் அங்கயே எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். பாட்டுக்குத் தலையாட்டுனதை அந்தாளு வேற மாதிரி எடுத்துக்கிட்டான்னு சொன்னேன். டாக்டரு சிரிக்கறாரு. "இல்லைங்க அண்ணா, அக்கா மேலயும் கீழயும் ஆட்டுனாங்க"ங்கறாரு. மேலயும் கீழயும் ஆட்டுனாத்தான் என்னங்க? கழுத்துதானே, எந்தப் பக்கமும் போகும்.

ஊறுகா பாக்கெட்டைப் பிரிக்காமயே மேசையில வெச்சுட்டு எந்திரிச்சா. எந்திரிச்சுப் போயே போயிட்டா. என்னை ஒரு வார்த்தை, ஏனுங்க, போகட்டுங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க! ஈரக் கையைச் சேலையில தொடச்சுட்டே போறா. நானு தயிர்ச்சோத்து டப்பாவை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்.

ஆட்டம்னு சொல்ல முடியாதுங்க, நடந்தாங்க. ஆம்பளை முன்னால வர்றான், பொம்பளை பின்னாலயே போகோணும். முழுக்க ரிவர்ஸு. என்ற தொழில்ல சொல்றேன், ஆறு மாசம் பழகுனவங்களுக்கே ரிவர்ஸுன்னாக் கை நடுங்கும். இவ சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவ. ஈரோட்டுல பாதிப் பொம்பளைங்களுக்கு நான்தான் காரு ஓட்டக் கத்துக்குடுத்தேன், கலெக்டர் ஆபீஸ் அம்மா கூட என்றகிட்டக் கத்துக்கிட்டதுதான். இவ கல்யாணமான புதுசுல எனக்கும் கத்துக்குடுங்கன்னா. நான் இருக்கறப்ப உனக்கெதுக்குன்னேன். தலையாட்டுனா. அப்படிப்பட்டவ பின்னாடியே போறா, ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்காம. அவனாவது தள்ளறானா, இழுக்கறானா? அதுவுமில்ல. ஒவ்வொரு அடிக்கும் நிக்கறான். அவ காலை வெச்ச பொறவுதான் இவன் காலை எடுக்கறான். இப்படி ஓட்டுனா எப்பப் போயிச் சேர்றதுன்னு எனக்கு எரிச்சலு எரிச்சலா வருது.

அவ கை எங்க இருந்துச்சு தெரியுமுங்களா? அவன் தோளு மேல. எனக்கு வயிறு எரிஞ்சது அப்பத்தானுங்க. முப்பத்திநாலு வருசம் என்ற ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வந்தவ, ஒரு நாளு என்ற தோளைத் தொட்டதில்ல. மொத நாளு மட்டும் தொட்டா. பேலன்ஸு போகுது, கையை எடுன்னேன். அன்னிக்கு எடுத்தவதான், பின்னால இருக்கற கம்பியைப் புடிச்சுட்டே வருவா. மழை, குழி, லாரி எது வந்தாலும் கம்பிதான். அவ்வளவு அடக்கமான பொம்பளைங்க. அந்தக் கைதான் அவன் தோளு மேல இருந்துச்சு.

ஒரு பாட்டு முடிஞ்சுது. சரி, தொலைஞ்சுதுன்னு பாத்தா, அந்தாளு கையை உட்டுட்டு ரெண்டடி தள்ளி நின்னு மறுபடியும் அவ மூஞ்சியைப் பாக்கறான். மறுபடியும் தலையை அசைக்கறான்.

மறுபடியும் ஆட்டறா!

என்ற காலு மேசைக்கடியில அமுத்துன அமுத்துல மேசையே ஆடி, வைன் கிளாஸு கவுந்து, டாக்டரு சம்சாரத்து சேலையெல்லாம் செவப்பு. மன்னிப்புக் கேட்டுட்டு நிமிந்து பாக்கறேன், சாந்தாமணி கண்ணை மூடிட்டு இருக்கறா. கண்ணை மூடிட்டுப் பின்னால நடக்கறாளுங்க. என்ற கார்ல முன் சீட்டுல உக்காந்தா அவ ஒரு தடவை கண்ணசந்ததில்ல. ஈரோட்டுல இருந்து திருச்செந்தூரு போயிருக்கறோம், விடிய விடிய. தூங்கேன்னு சொல்லுவேன். "இல்லீங்க, பாத்துட்டே வர்றனுங்க"ம்பா. அவ்வளவு மரியாதை எனக்கு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸு பூரா அவளுக்குக் கை தட்டறாங்க. "அக்கா, கலக்கிட்டீங்க"ங்குது ரெபேக்கா. நான் மெதுவாக் கேட்டேன், மத்தவங்களுக்குக் கேக்காம.

"ஏன் சாந்தா தலையாட்டுன?"

"கேட்டாருங்க. ஆட்டுனனுங்க."

"யாரு கேட்டா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனானா அவன்?"

"கேட்டாருங்க"ன்னா. அப்பறம் சன்னலைப் பாத்துட்டு வந்தா.

இதுக்கு என்னங்க அர்த்தம்? இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது வெளங்கல.

அந்த ஹாலுலயே போட்டோக்காரன் ஒருத்தன் எடுத்துருந்தான். வெளிய வர்றப்ப சட்டம் போட்டு வரிசையா மாட்டி வெச்சிருந்தாங்க. இவ நின்னு பாத்துட்டு, "அதை வாங்கிக்குடுங்க"ன்னா. என்றகிட்ட அவ வாயைத் தொறந்து கேட்டது அதுதான் மொதத் தடவைன்னு நெனைக்கறேன். கண்றாவி, இதை எவன் கண்ணுல காட்டறதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தப்புங்களா? நாளைக்கு ஒறம்பரை வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? ஆனா அந்த டாக்டரு சம்சாரம் இருக்குதே, சேலை கெட்டும் புத்தி வரல, அதையே வாங்கி இவகிட்டக் குடுத்துருச்சு. எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து எட்டாம் நாளு. டிவிக்கு மேல, எங்க கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்துல அது நிக்குது. ஒளிச்சு வெச்சிருந்தாக் கூடப் போனாப் போகுதுன்னு உட்டிருப்பேன். ஊட்டுக்கு வர்றவங்க பாக்கற எடத்துல! லைசன்ஸ் வாங்க வந்த ரெண்டு பேரு அப்பத்தான் உக்காந்து, "யாருங்க சார் இது, நம்ம ஊட்டு அம்மாவா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எடுத்தேன். சட்டத்தைக் கழட்டுனேன். கிழிச்சேன்.

ஆனா கேளுங்க, முழுசாக் கிழிக்கலீங்க. நான் அப்படிப்பட்ட ஆளில்ல. நடுவுல கிழிச்சு, அவன் பாதியைக் குப்பையில போட்டுட்டு, அவ பாதியை அவ கையிலயே குடுத்தேன். "உன்னோட போட்டோதானே வேணும், வெச்சுக்கோ"ன்னேன். எத்தனை பேரு அப்படிக் குடுப்பாங்க? அப்பறம்தான் பாக்கறேன், அவ பாதியில அவ முதுகுல அவன் கை மட்டும் ஒட்டிட்டு நிக்குது. ஆளு இல்ல, கை இருக்குது. இரு, அதையும் எடுத்தறலாம்னு கத்திரிக்கோலைக் கொண்டாந்தேன். கையை வெட்டுனா இவ முதுகும் போகும். எப்படி வெட்டறதுன்னு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறேன், அவ வந்து மெதுவா என்ற கையில இருந்து அதை வாங்கிக்கிட்டா.

அழுகலீங்க. ஒரு சண்டை போட்டிருந்தாக் கூட எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருந்திருக்கும். அடுத்த நாளு காத்தால காப்பியை வெச்சுட்டு, "மல்லிகா ஊட்டுக்குப் போறனுங்க"ன்னா. போகட்டுங்களான்னு கேக்கல. போறனுங்கன்னு சொல்றா. நான் என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? தலையாட்டுனேன்.

மல்லிகா அவ தங்கச்சி. புருசன் போயி அஞ்சு வருசமாச்சு, தாராபுரத்துல தனியா இருக்கறா. போன தடவை நான் போறப்ப ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிட்டு ஸ்கூட்டர்ல வர்றாங்க. தங்கச்சி ஓட்டறா, இவ பின்னால. தங்கச்சி தோளை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு, எதுக்கோ சிரிச்சுட்டு வர்றா. பேலன்ஸு போயிரும்னு சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னுருச்சு.

காங்கயம் தாண்டியாச்சுங்களா? சரி. இந்தப் பையில மைசூர்பாகு. ஒரு கிலோ, நெய்யில செஞ்சது. எனக்கு நெம்பப் புடிக்கும். அவளுக்கா? திம்பான்னு நெனைக்கறேன். ராத்திரியில கஷ்டமா இருக்குதுங்க. அந்த ஊறுகா பாக்கெட்டு, சொன்னா நீங்க சிரிப்பீங்க, கத்திரிக்கோல்லதான் வெட்டறேன். வெட்டி வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பேன், எறங்க மாட்டேங்குது சோறு. அவ இல்லாம எனக்கு ஆகலீங்க. இதை அவகிட்டச் சொல்ல முடியுமா? உங்ககிட்டச் சொல்றேன்.

என்னங்க? நான் கேட்டனாவா? எதை? வர்றியான்னா?

இதென்னங்க கேள்வி? கட்டுன பொண்டாட்டியைப் போயி வர்றியான்னு கேப்பாங்களா? "பொட்டியைக் கட்டு, மூணு மணி பஸ்ஸுக்குப் போறோம்"னு சொன்னேன். ரெண்டு தடவையும் அதேதான். அவ என்னை நேராப் பாத்தா. நேராப் பாக்கறவ இல்லீங்க அவ. ஒரு மூச்சு இழுத்து உடற நேரம் பாத்துட்டு, அப்பறம் இதா, இப்படி, மூஞ்சியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. கோவமா இல்ல, மெதுவா. மொதத் தடவை கழுத்து புடிச்சிருக்கும்னு நெனச்சேன், தைலம் கூட வாங்கி வெச்சுட்டு வந்தேன். ரெண்டாவது தடவையும் அச்சு அசலா அப்படியேதான். அந்த டாக்டரு சம்சாரம் திருப்புனாப்பல...

அந்தப் புள்ள ரெபேக்கா என்னமோ சொல்லிட்டு வந்துச்சுங்களே, பஸ்ஸுல. திருப்பிக்கிட்டாள்னா...

இல்லீங்க. அது அந்த ஊருச் சட்டம். ஆடறவங்களுக்கு. குடும்பத்துக்கெல்லாம் அது ஆகாது. அவ அன்னிக்குச் சன்னலைத்தானே பாத்துட்டு வந்தா, அவ காதுல அதெல்லாம் உழுந்தே இருக்காது.

உழுந்திருக்காதுங்க.

எந்திரிச்சுட்டீங்க? ஊரு வந்துருச்சா? போங்க, போங்க, நான் காலை மடக்கிக்கறேன்... சித்த இருங்க. மடக்க வரல. பஸ்ஸு நின்னுருச்சுங்களா? எப்ப நின்னுச்சு? பாருங்க, என்ற காலு இன்னும் அமுத்திட்டேதான் இருக்குது.